வெளிர் அலைக்கோடு

"பூச்சிக்கா? பேரா?" என்று சலவைக் கடைக்காரர் கேட்டார். தோள் சுருக்கக் கொடுத்திருந்த கோட்டை வாங்கிப் போக வந்தவர் அவர். கோட்டு கையில் வந்துவிட்டது. போகிற அவசரம்தான் இல்லை.

"அந்துப்பூச்சி. சும்மா பூச்சின்னு சொல்லாதீங்க. உலகத்துல எவன் அதைப் பத்திப் பேசினாலும் என் பெரியவ பேரைச் சொல்லித்தான் பேசணும். மாத்த முடியாது," என்றார் தையல்காரர்.

வாயோரத்தில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசுவது அவர் வழக்கம். மனசு நிறைந்திருந்தால் மட்டும் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பேசுவார். அன்று ஊசிகள் மேசை மேல் கிடந்தன.

"அந்துன்னா எனக்கு ஜென்ம எதிரியாச்சே மாஸ்டர்! கம்பளி எல்லாத்தையும் ஓட்டை போடுறது அதுதானே? உங்க பொண்ணு பேரை வச்சுக்கிட்டு என் அலமாரியிலதான் வந்து மேயப் போகுது."

"இது துணி திங்காது. இலைதான். சின்னவளே, இவருக்குச் சொல்லேன்."

சின்னவள் உள்ளறை வாசலில் பித்தான் டப்பாவோடு நின்றிருந்தாள். "இலைதான்," என்றாள். அது அவளுக்கும் டப்பாவுக்கும் மட்டும் கேட்டது.

"இலை திங்கிற அந்து! சைவம்!" என்று சிரித்துக்கொண்டே சலவைக் கடைக்காரர் படியிறங்கிப் போனார்.

அவர் போனதும் அப்பா சுண்ணக்கட்டியை எடுத்தார். வெட்டுமேசையின் ஓரத்தில் பெரியவளின் பெயரை எழுதினார். அது அறிவியல் பெயராக வேண்டுமானால் பின்னால் லத்தீன் வால் ஒன்று ஒட்ட வேண்டும் என்று சின்னவள் சொல்லியிருந்தாள். அந்த வாலையும் எழுத்துக் கூட்டி எழுதினார். தினமும் துணி உரசி அது அழிந்துபோகும். தினமும் எழுதுவார்.

பெரியவள் இறந்து மழைக்காலம் ஒன்று போய்விட்டது. அவள் செடி சேகரிப்பவள். காடு காடாகப் போய் இலையும் பூவும் பறித்து, அழுத்தி, அட்டையில் தைத்து அனுப்புவது அவள் வேலை. கடைசியாகப் போன காட்டில் காய்ச்சல் வந்தது. கீழே இறக்கிக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுடைய இரும்புப் பெட்டி பல மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது. அப்பா அதைத் திறக்கவில்லை. அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு, இஸ்திரி போட்ட துணிகளை அடுக்க வைத்துக்கொண்டார். ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது சின்னவள்தான் திறந்தாள்.

உள்ளே, காலணிகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் தகரம். மூடியில் "குச்சிக்கு" என்று எழுதியிருந்தது.

குச்சி என்பது சின்னவளுக்கு அக்கா வைத்த பெயர். இரண்டு பேரும் சிறுமிகளாக இருந்தபோது கொல்லைச் செடியில் ஒரு புழுவைப் பார்த்தார்கள். உடம்பின் நடுவில் காலே இல்லாத புழு. முன்னங்காலை ஊன்றி, பின்னாலிருப்பதை இழுத்து, முதுகை வளைத்து, கிளையை ஜாண் ஜாணாக அளப்பது போல நடந்தது. "அப்பாகிட்ட வேலைக்குச் சேர்த்துவிடலாம்," என்றாள் அக்கா. விரல் கிட்டே போனதும் புழு பின்காலால் கிளையைப் பிடித்து, உடம்பை விறைத்து, உலர்ந்த குச்சியாகிவிட்டது. எது கிளை, எது புழு என்று தெரியவில்லை. "ஏய், நீதாண்டி இது! வாத்தியார் கேள்வி கேட்டா நீ இப்படித்தானே நிக்கிற!" என்று அக்கா கத்தினாள். உண்மைதான். பதில் தெரிந்தாலும் சின்னவளுக்கு வாய் வராது. எழுந்து நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள், வகுப்பு முழுக்கச் சிரிக்கும். ஒரு வருஷம் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். யாரும் பெரிதாகக் கேட்கவுமில்லை. பேசத் தேவையில்லாத வேலை ஒன்றை அக்காதான் தேடிப் பிடித்தாள்: அருங்காட்சியகத்தின் பின்கட்டில், வண்டுகளுக்கு ஊசி குத்தி வைக்கும் வேலை.

தகரத்தில் பஞ்சுப் படுகைகளுக்கு நடுவே அந்துப்பூச்சிகள் இருந்தன. சின்னதாக, கட்டைவிரல் நகம் அகலத்துக்கு. எல்லாம் ஒரே மாதிரி வெளிர்ந்த பாலாடை நிறம். இறக்கையின் குறுக்கே இரண்டு வெள்ளை நெளிகோடுகள். பாலாடைத் துணியில் வெள்ளை நூலால் தைத்தது போல, சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தன. சின்னவள் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அருங்காட்சியகத்தில் காப்பாளர் அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். அவருடைய படிப்பெல்லாம் வண்டுகள்தான். "பூச்சிக்கு முதுகுல ஓடு இருந்தாத்தான் எனக்கு மூளை வேலை செய்யும். இருந்தாலும் இது என்னன்னு தெரியுது. அலைக்கோட்டுப் பச்சை," என்றார்.

"பச்சையா இல்லையே மேடம்."

"அதான் விஷயமே."

அலமாரியிலிருந்து ஓர் இழுப்பறையை உருவி வந்தார். அளந்து நடக்கும் புழுக்களின் பெருங்குடும்பத்தில் அது ஒரு சின்னப் பேரினம். கண்ணாடிக்கு அடியில் வரிசை வரிசையாகப் பச்சை. தளிர் இலையைக் கத்தரித்து ஒட்டியது போன்ற பச்சை. ஒரு சிற்றினத்துக்குக் கோடுகள் நெருங்கி ஓடின. இன்னொன்றுக்கு வெளிக்கோடு வாள் பல்லாக இருந்தது. வேறொன்றுக்கு இறக்கை விளிம்பில் செங்கல் நிறத்தில் ஒரு கரை. எல்லாவற்றிலும் முன்னிறக்கையின் கோடு நூல் பிசகாமல் பின்னிறக்கையின் கோட்டோடு சேர்ந்தது. கட்டம்போட்ட துணியில் நல்ல தையல்காரன் தோள் சேர்ப்பது போல. இதை யார் தைத்தார்கள் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

"எல்லாம் பச்சை. வெள்ளையா ஒண்ணே ஒண்ணு இருக்கு, அது கடல் தாண்டி வேற தேசத்துல. இந்தப் பக்கம் வெள்ளையா யாரும் பார்த்ததே இல்லை," என்றார் காப்பாளர். பிறகு நிமிர்ந்து, "தகரத்துல ஈரம் இருந்துச்சா? ஈரம் பட்டா இந்தப் பச்சை நிக்காது," என்று கேட்டார்.

"இல்லை மேடம். காய்ஞ்சுதான் இருந்துச்சு."

அது உண்மை. அவள் திறந்தபோது காய்ந்துதான் இருந்தது.

"சரி. ஈரம் பட்டா திட்டுத் திட்டாத்தான் வெளுக்கும்னு கேள்வி. இது ஒரே சீரா இருக்கு. எதுக்கும் இனிமே இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது, பார்த்துக்க."

படங்கள் வேறொரு ஊரில் இருந்த ஒரு முதியவருக்குப் போயின. அந்தப் பேரினத்தைத் தவிர உலகில் வேறெதையும் அவர் பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். வந்திருந்தவை எல்லாம் பெண் பூச்சிகள். வயிற்றைத் திறந்து பார்த்தாலும் இந்தக் கூட்டத்தில் பெண் பூச்சி எந்தச் சிற்றினம் என்று பிரிக்க முடியாது. நிறமும் கோடும்தான் கணக்கு. அவர் எழுதிக்கொண்டிருந்த பெரிய கட்டுரையில் இதைப் புதுச் சிற்றினமாகச் சேர்ப்பதாகச் சொன்னார். சேகரித்தவர் உயிரோடு இல்லை என்று தெரிந்ததும், அவர் பெயரையே வைத்துவிடலாம் என்றார்.

அந்தச் செய்தியைக் கேட்ட அன்றுதான், அக்கா போன பிறகு முதல் முறையாக, அப்பா வாயிலிருந்து ஊசிகளை எடுத்தார்.

கட்டுரை அச்சுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. பூச்சிகளை ஊசியில் ஏற்றி அனுப்ப வேண்டும். பின்கட்டில் சின்னவளும், சீட்டு அச்சடிக்கிறவரும் மட்டும்தான். ஒவ்வொரு ஊசியிலும் குத்துகிற துக்கடாக் காகிதச் சீட்டுகள் அவர் பொறுப்பு. ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் எறும்பு படிக்கிற எழுத்தில் அச்சடிப்பார். அதனாலேயே கண் கெட்டுப்போய், சாப்பாட்டு டப்பாவைக்கூட மூக்குக்கிட்டே கொண்டுவந்துதான் திறப்பார்.

"குச்சி, உங்க அக்கா பேருக்கு வால் முளைக்கப் போகுது. எனக்கெல்லாம் பேரே ஒழுங்கா இல்லை. எங்க வீட்டுல என்னை 'ஏங்க'ன்னுதான் கூப்பிடறாங்க. ஏதாவது கொசு கிசு கிடைச்சா சொல்லு, 'ஏங்க'ன்னு வச்சிரலாம்."

சின்னவள் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபின் ஒன்று மிச்சம் இருந்தது. அதன் பின்னிறக்கை ஒன்று தன் மேலேயே மடங்கி, ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. அது வேண்டாம் என்று காப்பாளர் ஒதுக்கியிருந்தார். சின்னவளுக்கு ஒதுக்க மனசு வரவில்லை. அக்கா அனுப்பியதில் ஒன்று கோணலாகக் கிடப்பதா? ஈரப்பெட்டியில் வைத்தால் இளகும். ஆனால் தண்ணீர் கூடாது. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, மிக மெல்லிய ஊசியால், காய்ந்த மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். மடிப்பின் ஓரம் விண்டது. இறக்கை திறந்தது.

உள்ளே பச்சை.

ஒரு கீற்றுதான். ஆனால் தளிர்ப் பச்சை. அதன் நடுவே வெள்ளைக் கோடு பளிச்சென்று ஓடியது.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். பழைய கோட்டுகளின் காலரைப் பிரிக்கும்போது அப்பா இதைத்தான் காட்டுவார். வெளியே சாம்பல் பூத்துப் போயிருக்கும். தையலுக்கு உள்ளே மடிந்த துணியில் வாங்கிய அன்று இருந்த நீலம் இருக்கும். "துணியோட நிஜ நிறம் தையலுக்குள்ளதான்," என்பார். வாடிக்கையாளர் என்ன நிறம் என்று சாதித்தாலும், அப்பா ஒரு தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் நூல் எடுப்பார்.

"என்ன குச்சி, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் சீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்லை. தலைவலி."

ஒரு கீற்றை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தச் சிற்றினத்துக்கு உள்பக்கம் பச்சையாகவே இருக்கலாம். மடிப்பில் வேறு ஏதாவது கறை இருக்கலாம். பழகுவதற்காக வைத்திருக்கும் டப்பாவில் சீட்டு தொலைந்துபோன பூச்சிகள் கிடந்தன. அவற்றில், எல்லாத் தோட்டத்திலும் பறக்கிற சாதாரண அலைக்கோட்டுப் பச்சைகள் இரண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஒன்றை வெறும் காகிதப் பெட்டியில் போட்டாள். இன்னொன்றை அக்காவின் தகரத்தில், அக்காவின் பஞ்சிலேயே வைக்க நினைத்தாள். பஞ்சை எடுத்தபோதுதான் கை நின்றது. பஞ்சு பூப்போல இல்லை. கெட்டியாக, தட்டையாக, அப்பளம் போலக் கட்டிப்போயிருந்தது. நனைந்து காய்ந்த பஞ்சு மட்டும்தான் அப்படி ஆகும். முதல் நாளே அது அப்படித்தான் இருந்திருக்கும். காய்ந்திருக்கிறதா என்றுதான் தொட்டுப் பார்த்தாள். காயுமுன் எப்படி இருந்தது என்று அவள் நினைக்கவில்லை.

அக்கா ஏன் நனைத்தாள் என்பது சின்னவளுக்கு யோசிக்காமலே தெரிந்தது. அந்தக் கடைசிக் காட்டுக்குப் போகுமுன் வீட்டுக்கு வந்திருந்தபோது அக்கா தீப்பெட்டியில் ஓர் அந்துப்பூச்சி கொண்டுவந்தாள். விளக்கு வெளிச்சத்துக்கு வந்ததாம். சின்னவள் ஆசையாகத் தொட, இறக்கை பொடிப் பொடியாக உதிர்ந்துவிட்டது. அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் முகத்தை அக்கா பார்த்துவிட்டாள். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் செடிகள். செடியை வாடாமல் கொண்டுவர ஈரத்துணியில் சுற்றுவார்கள். அதையேதான் பூச்சிக்கும் செய்திருக்கிறாள். தங்கை கையில் உடையக்கூடாது என்று ஒவ்வொரு படுகையையும் பார்த்துப் பார்த்து நனைத்து, அடுக்கி, இறுக்கி மூடியிருக்கிறாள். அதனால்தான் எல்லாம் ஒரே சீராக வெளுத்தன.

இருந்தாலும் சின்னவள் அந்தப் பஞ்சில் தண்ணீர் தெளித்து, பூச்சியை வைத்து, மூடினாள். ஜன்னல் விளிம்பில் வைத்தாள். வெளுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பூச்சி வெளுக்காவிட்டால் அக்காவின் பெயர் தப்பிக்கும்.

"என்னது அது?" என்று அப்பா கேட்டார்.

"பழகுறேன்பா."

"பழகு, பழகு. நாளைக்கு உன் பேர்லயும் ஒண்ணு வரும்." அன்று அவருக்கு உற்சாகம். "சலவைக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? அவன் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல ஏதோ எழுதணுமாம், நம்ம பூச்சியைப் பத்தி எழுதலாமான்னு கேக்கறான். எழுதட்டுமே, என்ன?"

"ம்."

"நீ சந்தோசமா இருக்கியா இல்லையான்னே தெரியமாட்டேங்குதுடி. வாயைத் திறந்தா என்ன, முத்தா உதிர்ந்துரும்?"

அவள் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள். அக்கா இருந்தவரை அந்த வீட்டில் மூன்று பேருக்கான பேச்சையும் அக்காவே பேசினாள். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதைத் தங்கைக்காகவும், தங்கைக்குச் சொல்ல வேண்டியதை அப்பாவுக்காகவும் அவளே சொன்னாள். இப்போது இரண்டு பேரும் அவள் உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். தையல் இயந்திரம் ஓடும்போதுதான் வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருந்தது. அது நின்றதும் சுவர்க்கடிகாரம் மட்டும் பேசியது.

தினமும் காலையில் தகரத்தைத் திறந்து பார்த்தாள். முதலில் விளிம்புகளில் மஞ்சள் ஓடியது. பிறகு பச்சை மங்கி, பழுத்த இலை மாதிரி ஆனது. ஒரு காலையில் திறந்தபோது பாலாடை நிறத்தில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. அக்காவின் பூச்சிகளோடு கலந்து வைத்தால் அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அவள் மூடியை மூடினாள். வெளியே அப்பா சுண்ணக்கட்டியால் மேசையில் கீறும் சத்தம் கேட்டது.

சொல்லாமல் இருந்துவிடலாம். நிஜமாகவே இருந்துவிடலாம். மடிப்பு பிரிந்த பூச்சியைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. அருங்காட்சியகம் போகிற வழி நெடுக அவள் அதையே நினைத்தாள். ஆனால் பட்டியல் புத்தகங்களை அவள் பார்த்திருக்கிறாள். யாரோ ஒருவர், எப்போதோ, தப்பாக வைத்த பெயர்களை அங்கே அடியோடு எடுத்துவிடமாட்டார்கள். சரியான பெயருக்குக் கீழே, சாய்ந்த பொடி எழுத்தில், காலத்துக்கும் விட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கிற எல்லோரும், இது செல்லாது, இது பிழை என்று தாண்டிப் போவார்கள். வெள்ளைப் பூச்சியைத் தேடி யாராவது அந்தக் காட்டுக்குப் போவார்கள். பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒன்று பறக்கவே இல்லை. அக்காவின் பெயர் ஒரு பிழையின் பெயராகிவிடும்.

காப்பாளர் அறையில் நின்று, மடிப்பு பிரிந்த பூச்சி இருந்த தட்டையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரத்தையும் அவள் நீட்டினாள். காப்பாளர் பூதக்கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். தகரத்தில் வெளுத்ததையும் பார்த்தார். பஞ்சை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"ஐயோ," என்றார் மெதுவாக. "அவருக்கு இப்பவே சொல்லணும். இந்த வாரம் அச்சுக்குப் போகுது." கையை நீட்டித் தொலைபேசியைத் தொட்டவர், எடுக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"நான் வேணும்னா வந்து சொல்லட்டுமா?"

சின்னவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

பின்கட்டுக்குத் திரும்பியபோது சீட்டுக்காரருக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. வழக்கமான கேலி எதுவும் வரவில்லை. தன் மேசையிலிருந்தே, "சாதாரண அலைக்கோட்டுப் பச்சை இழுப்பறையில வைக்கணும்னு சொல்லிட்டாங்க. பிடிச்சவங்க பேருன்னு உங்க அக்கா பேரு சீட்டுல வரும், குச்சி. நான் நல்லா திருத்தமா போடுறேன்," என்றார். அவளுக்கு அழுகை வந்தது. மேசை அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை அப்பா ஒரு பழைய மேலங்கிக்கு உள்துணி மாற்றிக்கொண்டிருந்தார். அவள் கைகழுவிவிட்டு, எதிரே வந்து நின்றாள்.

"அப்பா. அது புதுசு இல்லை."

"எது?"

"பூச்சி. சாதாரணப் பச்சைதான். ஈரத்துல வெளுத்துப்போச்சு. மடிப்பைப் பிரிச்சேன். உள்ள பச்சை இருக்கு."

அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கையில் இருந்த அங்கியின் தையலும் பிரிந்துதான் கிடந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"யார் பிரிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"அந்த மேடம் பிரிச்சாங்களா? வெளியூர்ப் பெரியவர் பிரிச்சாரா? அவங்களே சும்மா விட்டுட்டாங்க. நீ பிரிச்சியா?"

"ஆமா."

"பார்த்ததை உள்ளயே வச்சிருக்கலாம்ல? வாயே திறக்காதவ நீ. பள்ளிக்கூடத்துல பேசலை, கடையில பேசலை, என்கிட்ட பேசலை. இதுக்கு மட்டும் வாய் வந்துச்சா?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். "அவ போனதுக்கப்புறம் எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதாண்டி. அதையும் பிரிச்சுப் போட்டுட்டு வந்து நிக்கிற."

பஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பெட்டியைப் பற்றி, உதிர்ந்த இறக்கையைப் பற்றி, அக்கா ஏன் நனைத்தாள் என்பதைப் பற்றி. வாத்தியார் முன்னால் நின்றது போலவே கால் ஊன்றி, உடம்பு விறைத்து நின்றாள். அப்பா ஊசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார்.

அதன்பின் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் சாப்பிட்ட பிறகு அவள் சாப்பிட்டாள். அவள் கிளம்பிய பிறகு அவர் எழுந்தார். சலவைக் கடைக்காரர் ஒரு நாள் வாசலில் நின்று, "மாஸ்டர், நம்ம சைவ அந்து என்ன ஆச்சு?" என்று கேட்டது உள்ளறைக்குக் கேட்டது. அப்பா, "பித்தான் மட்டும் போதுமா, ஜிப்பும் மாத்தணுமா?" என்றார். அவர் மறுபடி கேட்கவில்லை. மேசை ஓரத்தில் எழுத்து எதுவும் இல்லை.

வாயால் முடியாது என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காலையில் வேலைக்குக் கிளம்புமுன், தகரத்தைத் திறந்து வெட்டுமேசையின் நடுவில் வைத்தாள். வெளுத்த பூச்சி, அதன் அடியில் இன்னும் ஈரமாக இருந்த பஞ்சு. பக்கத்தில் தண்ணீர் படாத பச்சைப் பூச்சி. மூடியைத் திருப்பிப் போடாமல், "குச்சிக்கு" என்ற எழுத்து மேலே தெரிய வைத்தாள். பிறகு ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்கட்டுக் கதவு தட்டப்பட்டது. சீட்டுக்காரர் எழுந்து திறந்தார்.

"மாஸ்டர்! வாங்க, வாங்க. எங்களுக்கெல்லாம் அளவெடுக்க வந்தீங்களா?"

அப்பா உள்ளே வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார், வெளியே போகும்போது போடுவது. அந்த அறைக்கு அவர் வந்ததே இல்லை. இழுப்பறைகளையும், ரசாயன வாடையையும், வரிசையாக ஊசியில் நின்ற வண்டுகளையும் சுற்றிப் பார்த்தார். குண்டூசிகளைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் தைரியம் வந்தவர் போல இருந்தார். சீட்டுக்காரர் தன் டப்பாவை மூக்குக்கிட்டே வைத்துக்கொண்டு, "நான் வெளியில உக்காந்து சாப்பிடறேன், காத்து நல்லாருக்கு," என்று போய்விட்டார்.

"பஞ்சை முதல்ல நனைச்சது யாரு?" என்றார் அப்பா.

"அக்கா."

"தகரத்துல தண்ணி புகுந்திருக்கும்னு நெனச்சேன். காட்டு மழையில." நின்றபடியே பேசினார். "எதுக்கு நனைச்சா?"

சின்னவள் வாய் திறந்தாள். அப்பா அவசரப்படுத்தவில்லை. பெஞ்சியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உடையக்கூடாதுன்னு," என்றாள். "ஒரு தடவை கொண்டுவந்தா, என் கையில உடைஞ்சுபோச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. அவளே பார்த்துட்டா. செடியை அப்படித்தான் கொண்டுவருவாங்க, ஈரத்துல. அது செடி இல்லைன்னு அவளுக்குத் தெரியலைப்பா. யாரும் சொல்லித் தரலை. நல்லதுக்குன்னுதான் செஞ்சா. எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அடுக்கியிருக்கா."

இவ்வளவு வார்த்தைகள் ஒரே மூச்சில் அவள் பேசி அப்பா கேட்டதில்லை. அவர் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சதைக் காட்டு," என்றார்.

அவள் சாதாரண அலைக்கோட்டுப் பச்சை இழுப்பறையைத் திறந்தாள். கடைசி வரிசையில் வெளிர்ந்த பூச்சிகள் நின்றன. ஒவ்வொன்றின் ஊசியிலும் சீட்டுக்காரரின் எறும்பு எழுத்து. கிழிந்த இறக்கைக்காரியை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்து, விளக்கைப் போட்டாள். எந்தக் கண்ணால் பார்ப்பது, எந்தத் திருகைத் திருப்புவது என்று காட்டினாள். முதலில் அவருக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. "இருட்டா இருக்கே," என்றார். அவள் அவர் விரலைப் பிடித்துத் திருகில் வைத்தாள். மெல்லத் திருப்பினார்.

அவர் மூச்சு நின்றதிலிருந்து, தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

தாழ்வாரத்தில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அவ கையில இருக்கும்போது," என்றார், கண்ணை எடுக்காமலே, "முழுக்க இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாப்பா. இதைவிட நல்லாவே இருந்திருக்கும். உயிரோட இருந்திருக்கும்ல."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டியதில் பார்வை விலகிப் போயிருக்க வேண்டும். தட்டுத் தடுமாறி மறுபடி திருகைத் தேடினார். சின்னவள் பக்கத்தில் நின்று, தட்டு நகராமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. சீட்டுக்காரர் கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி சாத்தினார்.

"அப்பா, மணியாச்சு."

"இரு," என்றார் அவர். "இன்னும் கொஞ்சம்."

அவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள்.